செக்குபந்தி

மஜுரோவில், குளிர்பதனப் பெட்டி ஒழுகும் ஓர் அறையில்
எழுத்தர் பேனாவைத் திறந்தபடி கேட்கிறான்:
"நிலத்தின் நான்கெல்லை சொல்லுங்கள்."

சொல்கிறேன். எழுதிக்கொள்.
எனிவெடாக் பவளத்திட்டு, அதன் வடகரையில்
எலுகெலாப் என்கிற தீவு.
வடக்கே, அலை முறியும் பாறை விளிம்பு.
தெற்கே, காயல்.
மேற்கே, பெண்கள் சிப்பி அறுக்கும் கல்.
கிழக்கே, லோக்ராபின் தென்னை வரிசை;
அதில் மூன்றாவது மரம் யாருடையது என்ற சண்டையில்
என் தாய்மாமன் சாகும்வரை அவன் முகத்தில் விழிக்கவில்லை.
இதன் நடுவே ஒரு குழி,
ஈரப்பலாவைப் புளிக்கவைத்து இலைமூடிப் புதைப்பது.
என் அம்மா லிமோரோவின் பங்கு.
எனக்கு வாயால் கொடுத்தாள்.

"இப்போது அங்கே என்ன இருக்கிறது?"

வரிசையாகச் சொல்ல எனக்கு வராது.

அம்மாவுக்கு ஒன்பது வயதில்
மணலில் வேறொரு குழி, மேலே தென்னந்தடி.
கப்பல்கள் சுட்டுக்கொண்டே இருந்தன,
தீவில் தலையோடு ஒரு தென்னை மிஞ்சவில்லை.
பக்கத்துக் குழியில் பேச்சு நின்றதை வைத்துத்தான்
அந்தக் குழி போனதென்று அறிந்தார்கள்.
அவன் மொழியும் தெரியாது, இவன் மொழியும் தெரியாது.
பிறகு வாயிலை அடைத்து ஒரு சிவந்த முகம்,
கையில் எறிகுண்டு.
ஒரு குழந்தை தும்மியது.
அந்தத் தும்மலில் பிழைத்தவர்கள் பதினொரு பேர்.

கொஞ்ச நாள்தான் என்று சொல்லி
உஜெலாங்கில் இறக்கிவிட்டார்கள்.
நான் அங்கே பிறந்தேன், அங்கே பெரியவளானேன்,
அங்கே என் முதல் பல்லும் கடைவாய்ப்பல்லும் விழுந்தன.
கொஞ்ச நாள்.

நான் பிறக்கும் முன்பு ஒரு காலை,
சனம் முழுவதையும் கப்பலில் ஏற்றி
நடுக்கடலில் வைத்திருந்தார்கள்.
பதினேழு வயது அம்மாவுக்கு ஓர் ஆப்பிள் கொடுத்தார்கள்.
அதுவரை அவள் பார்த்திராத பழம்.
கடித்த வாய் மூடுமுன்
இரண்டாவது தடவை விடிந்தது.
ஆப்பிளின் ருசி என்ன என்று கேட்டால்
சத்தம் என்பாள்.

அதனால், தம்பி,
இப்போதும் அங்கே ஒரு குழிதான்.
அம்மாவின் குழி ஒரு கை ஆழம்.
இது முப்பது ஆள்.

ரூனிட் தீவில் இன்னொரு குண்டுக்குழி.
விஷ மண்ணையெல்லாம் அதில் கொட்டிச்
சிமெண்டால் மூடியிருக்கிறார்கள், வட்டமாக, அழகாக.
வருகிறவர்கள் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள்.
மேலே மூடி, அடியில் வெறும் பவளமண்.
பலாக்குழிக்கே நாங்கள்
முதலில் அடியில்தானே இலை பரப்புவோம்?

"கடலை நிலமென்று எழுத முடியாது."

நீ கடலை எழுதாதே.
எல்லையை எழுது, நடுவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போன வருடம் படகில் போனேன்.
படகுக்காரன் ஜெப்ரிக் இயந்திரத்தை அணைத்து
"இறங்கு, வீடு வந்துவிட்டது" என்று சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.
பச்சை நீர் சட்டென நீலமாகும் இடம் அது,
கறுப்பு என்றாலும் தப்பில்லை.
நங்கூரக் கயிறு முழுவதும் இறங்கி
எதையும் தொடாமல் தொங்கியது.

எழுது:
மேற்படி நான்கெல்லைக்கு உட்பட்டது,
அதன் மாவடை மரவடை,
எடுக்காமல் விட்ட புளித்த பலா,
மேலே ஆலாக்கள் திரும்பும் வெளி,
கீழே ஆழம் முழுவதும்.

"வாரிசுகள்?"

ஐந்து பேர்.
கடைசித் தம்பி அர்க்கன்சாவில்
கோழி அறுக்கும் ஆலையில் இருக்கிறான், இரவு வேலை.
நேற்று தொலைபேசியில் கேட்டான்:
அக்கா, என் பங்கு எந்தப் பக்கம்?
கிழக்கே, லோக்ராபின் வரிசையை ஒட்டி, என்றேன்.
கொஞ்ச நேரம் இயந்திரங்களின் இரைச்சல்.
அந்த மூன்றாவது மரம்?

நம்முடையது.
அதில் பேச்சே இல்லை.